மேசை எண் 22

உலான்பாதரில் பிப்ரவரி.
விடுதியின் இரண்டாம் மாடிக் கூடத்தில்
நாற்பது பல்கலைக்கழகங்கள், நாற்பது மேசைகள்,
எல்லா மேசையிலும் ஒரே சிரிப்பு.
எங்கள் பதாகை மட்டும் விமானத்தில் நசுங்கி
புல்வெளியில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் நடுவே
ஒரு மடிப்பு.
(எங்கள் ஊரில் புல்வெளியில் உட்கார முடிவது
ஆண்டுக்கு ஒன்பது நாள்.)

பத்தரைக்கு உந்தர்மா வந்தாள்.
பதினோர் ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் நிலவியல் படித்தவள்.
பழைய மாணவர் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே
'உதவக்கூடும்' என்று யாரோ குறித்திருந்தார்கள்.
செம்புச் சுரங்க அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு.
இமையில் உறைந்த பனி உருகி வழிய
"எங்கே நிற்கணும்?" என்றாள்.

முன்கூட்டியே ஒரு தாள் அனுப்பியிருந்தேன்:
உங்கள் கதை, மூன்று நிமிடத்தில்.
தரவரிசை, வேலைவாய்ப்பு, உதவித்தொகை.
கடைசியில் புன்னகை. அதையும் எழுதியிருந்தேன்.
அவள் அதை நான்காக மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தாள்.
மேசை நின்றது.

அந்த மொழியில் எனக்கு இரண்டு சொல் தெரியும்,
வணக்கம், நன்றி.
நடுவில் இருப்பதையெல்லாம்
முகங்களில்தான் படித்தேன்.

கோட்டைக் கழற்றாத ஓர் அம்மா
கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி ஏதோ கேட்டாள்.
உந்தர்மா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.
பிறகு நீளமாக ஒரு பதில்.
அதில், ஆற்றோடு வரும் ஒற்றைச் செருப்புபோல,
நான் அறிந்த ஒரு சொல்: டன்பார் தெரு.
கொஞ்சம் தள்ளி, பதினான்காம் எண் பேருந்து.
அப்புறம், மிசஸ் கின்கெய்ட்.
அறுபத்து நான்கு பக்கக் கையேட்டில்
ஓரிடத்திலும் இல்லாத பெயர்.
அம்மாவின் கை பையிலிருந்து தளர்ந்தது.
மகன் தெல்கெர் ஓர் இலவசப் பேனாவை எடுத்து
மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

மதியம், ஆவி பறக்கும் இறைச்சிக் கொழுக்கட்டை முன்னால் கேட்டேன்:
என்னதான் கேட்டார் அந்த அம்மா?

"திரும்பி வந்தாயா, திருப்பி அனுப்பினார்களா என்று."

நீ?

"மீன் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தேன் என்றேன்,
வாடை தலைமுடியை விட்டுப் போக ஒரு வருஷம்.
நூலகத்தின் மூன்றாம் தளத்தில் சுவரோரம் ஒரு வெப்பக்குழாய்,
அங்கே உட்கார்ந்து அழலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.
எங்கள் வெள்ளைத் திங்களின் முதல் நாள்,
உங்களுக்கு அது வெறும் செவ்வாய்,
விடுதிக் காவலுக்கு இருந்த கின்கெய்ட் அம்மா கதவைத் தட்டி
'இன்றைக்குத்தானே?' என்றாள்.
இவ்வளவும் சொன்னேன்."

நாக்கு சுட்டது.
தரவரிசை சொல்லவில்லையா?

"அது பதாகையில் இருக்கிறதே."

பக்கத்து மேசை முகவருக்குத் தலைக்கு இவ்வளவு.
உந்தர்மாவுக்கு எங்கள் முத்திரை பதித்த கோப்பை ஒன்று,
காது உடைந்து.
பெட்டி சரியில்லை என்றேன்.
அதில் பேனாக்களைப் போட்டு வைத்தாள்.

விளக்குகளை அணைக்கத் தொடங்கியபோது
அந்த அம்மா தனியாக மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.
எழுதக் காகிதம் இல்லை. கையேடுகள் கட்டியாயிற்று.
உந்தர்மா குனிந்து மேசைக்காலடியிலிருந்து
என் மூன்று நிமிடத்தை உருவி
அதன் முதுகில் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள்.
மேசை ஆட ஆரம்பித்தது.
நான் பிடித்துக்கொண்டேன்.

இரவு, அறிக்கை.
சந்தித்தவர் 31. பெயர் தந்தவர் 4.
எண் வாங்கிப் போனவருக்குக் கட்டம் இல்லை.
பழைய மாணவரின் பங்களிப்பு:
ஒன்றுமுதல் ஐந்துவரை மதிப்பிடுக.
அவள் வந்த டாக்ஸிக்கு ரசீது இல்லை,
ரசீது இல்லாமல் பணம் இல்லை.

சன்னலுக்கு வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
பதினான்காம் எண் பேருந்தை நிறுத்தி இரண்டு ஆண்டாகிறது.
மிசஸ் கின்கெய்ட் போய்ச் சேர்ந்து மூன்று.
பகல் முழுக்க அவள் பக்கத்தில் நின்றும்
அதைச் சொல்லவில்லை நான்.

அறிக்கையை மூடிவிட்டு
ஒரு கடிதம் தொடங்குகிறேன்,
வார்ப்புரு இல்லாமல்:
உந்தர்மா,