லிப்ட் வேலை செய்யவில்லை

கட்டோவிட்சே கண்காட்சி அரங்கின் சரக்கு லிப்ட்
சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே
நின்றுவிட்டதால்தான் நான் அங்கே போனேன்.
விளையாட வந்தவன் இல்லை.
வயது ஐம்பத்து மூன்று. கருவிப் பெட்டி பதினோரு கிலோ.

ஒரு ரிலே மாற்ற வேண்டும்.
கிளிவிட்சேயிலிருந்து வேன் கிளம்பிவிட்டது என்றார்கள்.
கிளம்பிவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று
இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

முன் அரங்கில் பெரிய கம்பெனிகள்.
வீட்டு உயரத் திரையில் டிராகன் ஒன்று
இருபது நொடிக்கு ஒருமுறை அதே தீயைக் கக்கியது.
அதைத் தொட மூன்று மணி நேர வரிசை.
வரிசையில் ஒருவன் நின்றபடியே தூங்கினான்,
முதுகில் அட்டைச் சிறகு.

காபி தேடிப் போனவன் கழிப்பறைப் பக்கம் திரும்பிவிட்டேன்.
அங்கேதான் சின்ன மேசைகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு மடிக்கணினி, ஒரு தட்டு மிட்டாய்,
மூன்று நாளாய்த் தூங்காத ஒரு முகம்.

முதல் மேசையில் நான் அந்துப்பூச்சி.
மாடிப்படி விளக்கு அரை நிமிடத்தில் அணைந்துவிடும்;
அதற்குள் அடுத்த விளக்குக்குப் பறக்க வேண்டும்.
எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, இசைகூட இல்லை.
எட்டாவது மாடியில்
கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.
ஏனோ அங்கேயே சிறகை மடித்து உட்கார்ந்துவிட்டேன்.
"எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள்" என்றாள் செய்தவள்.
"இருமல் என்னுடையது. அப்போது எனக்குச் சளி."

அடுத்த மேசையில்
நிஜக் கரண்டியைக் கையில் பிடித்து ஆடுகிற ஆட்டம்.
பிடிக்கவில்லை.
பிடித்ததாகச் சொல்லி இரண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது மேசை சத்தத்தாலேயே ஆனது.
"நாலாவது ஆள் வேணும்! நாலாவது ஆள்!"
கையில் கன்ட்ரோலரைத் திணித்தார்கள்.
ஒரு பீரோ. பழைய ஓக் மரம். ஆளுக்கு ஒரு மூலை.
ஐந்து மாடி தூக்க வேண்டும்.
கீழே, லிப்ட் கதவில், ஒரு தாள்:
வேலை செய்யவில்லை.

வலப்பக்கம் போக்னா, பல் டாக்டராம்.
இடப்பக்கம் காவலாளி ஹூபர்ட், டியூட்டியை விட்டு வந்தவர்.
எதிர் மூலையில் காகிதக் கொம்பு வைத்த பையன்,
பெயரும் சொல்லவில்லை, கொம்பையும் கழற்றவில்லை.

"தூக்கு!" "நீ தூக்கு!"
"சாய்க்காதே, உள்ளே அம்மாவோட கண்ணாடி இருக்கு!"
(ஆட்டத்தில் அம்மா கிடையாது. போக்னாவே சேர்த்துக்கொண்டது.)
முதல் திருப்பத்தில் பீரோ கைப்பிடிக் கம்பியில் மாட்டி
என்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டது.
இரண்டாம் மாடியில் ஒரு நாய்.
மூன்றாம் மாடியில் ஹூபர்ட், நிஜமாகவே, தும்மினார்.
நான்கு பேரும் பீரோவும் நாயும்
அடிப்படி வரை உருண்டோம்.
நான் சிரித்தேன்,
எண்ணெய் காணாத கப்பி மாதிரி.

விழுந்து கிடந்த இடத்திலிருந்து பார்த்தபோதுதான்
அந்தத் தாள் கண்ணுக்கு நேரே வந்தது.
கையெழுத்து.
ஓர் எழுத்தில் குறுக்குக் கோடு விட்டுப்போயிருந்தது.
அவசரத்தில் அந்தக் கோட்டை நான் போடுவதே இல்லை.

"இதை எழுதியது நீங்களா?"
ஆட்டத்தைச் செய்த தீமோனைக் கேட்டேன்.
"இல்லை, எங்கள் கட்டடத்தில் ஒட்டியிருந்தது,
போட்டோ எடுத்துப் போட்டேன்.
ஹோஷூவ், சந்தைக்குப் பின்னால், ஐந்தாம் மாடி.
பதினோரு மாதம் ஆகிறது.
நான்காவது மாதம் இந்த ஆட்டத்தைத் தொடங்கினேன்."

எனக்குத் தெரியும் அந்தக் கட்டடம்.
மோட்டாருக்குச் சொல்லியாகிவிட்டது.
வேன் கிளம்பிவிட்டது.

"இன்னொரு ரவுண்டு?" என்றான் கொம்புப் பையன்.
பாக்கெட்டில் போன் அதிர்ந்தது;
ரிலே வந்திருக்கும்.
எடுக்காமல் என் மூலையைப் பிடித்தேன்.
"கனமான பக்கத்தை எனக்குக் கொடுங்கள்" என்றேன்,
"நாலாம் மாடித் திருப்பம் குறுகல்.
அங்கே பக்கவாட்டில் சாய்த்துத்தான் நுழைக்கணும்."

நாலாம் மாடி வரை இன்னும் யாரும் ஏறியிருக்கவில்லை.
தீமோன்
என் சட்டைப் பையில் தைத்திருந்த கம்பெனிப் பெயரை
எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான்.