விசில் பற்றி எதுவும் இல்லை

நாற்பது பக்க நோட்டு. பால் கணக்கு எழுத வாங்கியது.
கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருக்கிறாய்:
சங்கு கூடாது. சேகண்டி கூடாது.
வாய்க்கரிசி, நீர்மாலை, கொள்ளிக்குடம்
எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரே கோடு.
பதினாறாம் நாள் என்று ஒரு நாள் கிடையாது,
அது வெறும் வியாழக்கிழமையாக இருக்கட்டும்.

எது கூடாது என்பதெல்லாம் தெளிவு.
எது வேண்டும் என்பதற்கு
அரைப்பக்கம் காலியாக விட்டுப் போயிருக்கிறாய்.

கோரிமேட்டில் மணி இரவு பதினொன்று.
ஃப்ரீசர் பெட்டி உறுமுகிறது,
இரண்டாவது கியரில் மலையேறும் வண்டி மாதிரி.
மருத்துவக் கல்லூரி வண்டி காலை பத்தரைக்கு.
படிவம் இரண்டு பிரதி வேண்டுமாம்,
இளங்கோதை ஸ்கூட்டியில் ஜெராக்ஸ் கடை தேடிப் போயிருக்கிறாள்.
பொண்ணாப் போச்சே, கொள்ளி யாரு வைக்கிறது
என்று ஆரம்பித்த உன் பெரியப்பா மகன்
நெருப்பே இல்லை என்றதும்
பற்றவைத்த பீடியையும் அணைத்துவிட்டார்.

உன் அக்கா முந்தானையில் ஒரு பிடி அரிசி முடிந்து வந்திருக்கிறார்.
வெறும் வாயோடவா அனுப்புவ?
நோட்டைக் காட்டலாம். அவருக்குப் படிக்கத் தெரியாது.
எனக்குப் படித்துக்காட்ட வாய் வரவில்லை.
காலையில வர்றவங்களுக்குப் பசிக்கும் அண்ணி,
உலையில போடுங்க, என்றேன்.
வெகுநேரம் அடுப்படியில் நின்றார்.
பிறகு, அரிசி களையும் சத்தம்.

யார் பேசுவது, எவ்வளவு நேரம்,
மாலை உண்டா.
(மாலையைப் பற்றி நீ எழுதவில்லை.
சாமந்தி வாசம் தலைவலி என்று
யார் கல்யாணத்திலோ சொன்னாய்,
அதைச் சட்டமாக எடுத்துக்கொள்வதா?)
எழுதுகிறேன். அடிக்கிறேன். எழுதுகிறேன்.

பன்னிரண்டுக்கு மேல் லூர்துசாமி வந்தார்.
பத்தொன்பது வருஷம் உன் முதுகைப் பார்த்தபடியே
ஏற்காடு ஏறி இறங்கியவர்.
நாளைக்கு நாலு வார்த்தை பேசுங்கண்ணா, என்றேன்.
பேச்சு வராதும்மா.
இருபது கொண்டை ஊசியிலயும் நாங்க பேசினதே இல்ல.
சட்டைப் பையில் துழாவி
விசிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.
இது வேணா அடிக்கலாமா?

நோட்டைப் புரட்டினேன்.
சங்கு கூடாது என்றிருக்கிறது.
விசில் பற்றி எதுவும் இல்லை.

காலியிடத்தில் எழுதினேன்:
பத்தரை. வாசல். லூர்துசாமி.

ஒண்ணா, ரெண்டா?
என்று கேட்டார்.
ஒன்று என்றால் நிறுத்து.
இரண்டு என்றால் போகலாம்.

காலையில் சொல்றேண்ணா, என்றேன்.