ஒன்று, மூன்று, நாலு, இரண்டு

விற்றவர் சொன்னார்:
"எஞ்சின் கல்லு மாதிரி, தங்கச்சி."
தகரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
எண்பதாம் ஆண்டு தட்சன் சன்னி.
இடது பக்கக் காலடியில் உப்புத் தின்ற ஓட்டை.
மழை நாளில் காலி வீதி ஓடுவதை
இருந்தபடியே பார்க்கலாம்.

வெள்ளவத்தையில்
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் குடியிருந்தால்
கடலும் ஒரு பங்காளி.
கதவுக் கொழுக்கி, சைலென்சர், பற்றரி முனை,
எதிலும் தன் பங்கை விடாது.

கிழமை நாட்களில் நான் பல் செய்கிறவள்.
மருதானையில் ஒரு லாப்.
முகம் தெரியாத வாய்களுக்கு
மெழுகில் கடைவாய், பீங்கானில் முன்பல்.
மயிரிழை கணக்கில் சுரண்டிப் பழகிய விரல்
ஞாயிற்றுக்கிழமை கார்புரேற்றருக்குள் போகிறது.
ஜெட் துளையை அடைத்திருந்த தூசைச்
சொத்தை கிண்டும் ஊசியால் எடுத்தேன்.
முனகாமல் வாயைத் திறந்தபடி கிடந்தது கார்.

மழை தூறினால் காவலாளி தயாவன்ச
குடையோடு ஓடி வருவார்.
எனக்குத்தான் என்று நினைத்தேன்.
டிஸ்ரிபியூற்றருக்குப் பிடித்தார்.

பஞ்சிகாவத்தையில் ஃபாஸ்லி நானா கேட்டார்:
"யாருக்கு, மிஸ்?"
"எனக்கு."
"இல்ல, வேலை செய்ற பாஸ் யாரு?"
"நான்தான்."
என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
தொங்கிய பெல்ட்டுகளை விலக்கி உள்ளே போய்
நாலு பிளக் கொண்டுவந்தார், பாவித்தவை.
மூன்றுக்குத்தான் காசு எடுத்தார்.
இறக்குமதி நின்றிருந்த காலம்.
புதுசு என்ற சொல்லை அந்தத் தெருவில்
யாரும் வாயில் எடுக்கவில்லை.

பிளக் வயர்களை முதல் தடவை
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பூட்டினேன்,
பள்ளிக்கூடத்தில் படித்தபடி.
சன்னி தும்மியது. வெடித்தது.
மூன்றாம் மாடியில் ஒரு குழந்தை வீரிட்டது.
இரவு முழுக்கப் புத்தகத்தோடு இருந்தேன்.
ஒன்று, மூன்று, நாலு, இரண்டு.
அப்படித்தான் பற்றுமாம் நெருப்பு.
லிஃப்ட் நின்ற இரவுகளில் இப்போது
அதைச் சொல்லியே படியேறுகிறேன்.

பொயின்ற் இடைவெளி அரை மில்லிமீற்றர்.
அளக்கிற தகடு என்னிடம் இல்லை.
மேசையில் கிடந்தது
மச்சாள் சுவர்ணரூபியின் கலியாணக் காட்,
'அடுத்தது நீதானே' என்று பேனாவால் எழுதி.
பொன்னெழுத்துப் படாத ஓரத்தை வெட்டிச் செருகினேன்.
அச்சொட்டாக இருந்தது.
அன்றிலிருந்து எந்தக் காட் வந்தாலும்
முகூர்த்தம் பார்க்க முன்னம் தடிப்பைப் பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை
தெஹிவளைப் பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது.
பின்னால் நூறாம் நம்பர் பஸ்,
கோனில் வைத்த கையை எடுக்கவில்லை.
ஆண்கள் கூடினார்கள்.
ஒருவர் பற்றரி என்றார்.
ஒருவர் பெற்றோல் பம்ப் என்றார்.
ஒருவர், சிங்களத்தில், மிக மரியாதையாக,
வித்துப் போடுங்கோ என்றார்.

கைப்பையிலிருந்து
நகம் தேய்க்கும் அரத்தையும்
கலியாணத் துண்டையும் எடுத்தேன்.
மூடியைக் கழற்றினால் பொயின்ற் கருகிக் கிடந்தது.
நாலு தேய்ப்பு.
செருகி, திருகி, இழுத்து, மூடி,
சாவி.
பற்றியது.
கண்டக்டர் கைதட்டினான். உடனேயே
"போங்க, போங்க" என்று பஸ் தகரத்தில் அடித்தான்.

ஒரு முச்சக்கரவண்டிக்காரர் மட்டும் போகவில்லை.
யன்னலுக்குள் குனிந்து, குரலைத் தாழ்த்தி,
யாருக்கும் கேட்கக்கூடாத ஏதோ வியாதியைச் சொல்வதுபோல்:
"அக்கே, ஞாயிற்றுக்கிழமை நேரம் இருக்குமா?"

இன்று திங்கள்.
கையுறைக்குள் நகக்கண்ணில் இன்னும் ஒயில்.
யாரோ ஒருவரின் வெட்டுப்பல்
அச்சில் காய்ந்துகொண்டிருக்கிறது.
வீட்டில் சிவப்பு ஒக்சைட் ரின் ஒன்று
திறக்காமலே இருக்கிறது.
காலடி ஓட்டைக்கு
இந்தக் கிழமையும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை.
கடலுக்குக் கிடைத்திருக்கும்.