நாணயம்

பதினொன்றாம் வகுப்பில் சீட்டுக் குலுக்கியதில் என் பெயர் விழுந்தது.
பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்
எங்கள் வீட்டை இரண்டு முறை தாண்டிப் போனார்.
வாசல் ரோட்டுக்குக் கீழே இருந்தால்
அப்படித்தான்.

கொண்டுவர வேண்டியவற்றில் மூன்றாவது:
நான்கு அங்குலக் கரணை, கூர்முனை.
அப்பா தன்னுடையதையே கொடுத்தார்.
சுண்ணாம்பு தின்ற பிடி.
எர்ணாவூரில் எத்தனையோ சுவரை மேலே ஏற்றியது
சைப்ரஸில் பன்னிரண்டு நாள்
கீழே மட்டும் இறங்கியது.

ஒன்றரை மீட்டர் சதுரம்தான் எனக்கு.
பிடுங்காதே, என்றார் தெஸ்பினா,
சுற்றிலும் மண்ணைத் தள்ளு,
அதுவாக விடும்வரை இரு.
முட்டிக்குப் பஞ்சு கட்டிக்கொண்டும்
அரைமணிக்கொரு தரம் எழுந்து முதுகை நெளித்தார்கள்
மற்ற நாட்டுப் பிள்ளைகள்.
நான் எழவே இல்லை.
எப்படி எப்சிபா, என்றான் மோர்டன்.
அடிபம்பு முன்னால் குடத்தோடு
விடியவிடியக் குந்திய காலைப் பற்றி
என் இங்கிலீஷில் சொல்ல வரவில்லை.
யோகா, என்றேன்.

கிடைத்தது
ஓடு, ஓடு, ஓடு,
ஆட்டுப் பல் ஒன்று,
பானைக் கழுத்தில்
எவரோ ஈரத்தில் அழுத்திய கட்டைவிரல்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
கொஞ்சம் பெரிது.

கடைசி நாள் துணி விரித்து
தோண்டிய மண்ணையெல்லாம் திரும்பக் கொட்டினோம்.
எனக்கு அழுகை வந்துவிட்டது.
மூடினால்தான் பிழைக்கும், என்றார் தெஸ்பினா.
மூடுமுன் அடியில் ஒரு காசு போட்டார்,
இந்த வருஷம் அச்சடித்தது,
பின்னால் தோண்டுகிறவர்களுக்கு
நாங்கள் முந்திவிட்டோம் என்று தெரிய.
யாரும் பார்க்காதபோது
என் இரண்டு ரூபாயையும் போட்டேன்.

ஊரில் எல்லோரும் கேட்டது ஒன்றே:
தங்கம் கிடைச்சுதா?
ஆட்டுப் பல்லைச் சொன்னேன்.
இதுக்கா ஏரோப்பிளேன்,
கறிக்கடைல கேட்டா கூடையோட தருவானே,
என்றாள் மல்லிகேஸ்வரி அக்கா.

ஆடியில் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம்.
நான் பன்னிரண்டு நாளில் இறங்காத ஆழத்தை
ஜேசிபி ஒரே வாயில் கடித்துத் துப்பியது.
கஜபதி அண்ணன் டீ குடிக்கப் போன நேரம்
உள்ளே இறங்கி
கரணையால் பக்கச் சுவரை நேராகச் சீவினேன்.

மேலே தார்.
அதன் அடியில் ஒரு விரற்கடைக் கறுப்பு. முகர்ந்தேன்.
அந்த டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்.
வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் அதே கோடு உண்டு,
மூன்று தரம் வெள்ளையடித்தும் ஊறி வருகிறது.
பிறகு தார். ஜல்லி. தார். ஜல்லி. தார்.
தேர்தலுக்கொன்றாய் ஏறியிருக்கிறது ரோடு,
எங்கள் வாசல் மூன்று படி இறங்கியது இப்படித்தான்.
கீழே சாம்பல், அனல்மின் நிலையத்துச் சாம்பல்.
அதற்கும் கீழே, ஈரத்தில்,
வெள்ளை வெள்ளையாய்ச் சிப்பி.
ஆறு இதுவரை வந்து போயிருக்கிறது.

ஸ்கேல் வைத்து அளந்து
கிராஃப் நோட்டில் ஒவ்வொரு கோடாக வரைந்தேன்.
ஏய் பாப்பா, மேல ஏறு,
சரிஞ்சா உள்ளயே சமாதி,
கத்திக்கொண்டே வந்தார் கஜபதி அண்ணன்.

ஏறுமுன்
பையில் தங்கிப்போன ஐந்து சென்ட்டை,
கொம்பு வளைந்த ஆடு பொறித்தது,
சிப்பிகளுக்கு நடுவே செருகினேன்.
அங்கே என் இரண்டு ரூபாய்.
இங்கே அவர்கள் ஆடு.
தோண்டப்போகிறவள் கொஞ்சம் குழம்பட்டும்.
எர்ணாவூருக்குக் கப்பல் வந்ததென்று
நாற்பது பக்கம் எழுதட்டும்,
இன்னொருத்தி வந்து அதை மறுக்கட்டும்.

சாயங்காலம் மண் விழுந்தது.
கரணையைக் கழுவிக் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார் அப்பா.
முனை தேஞ்சுபோச்சே, என்றார்.
ரோடு இன்னும் போடவில்லை.
நாலாவது படிக்கு
அவர் செங்கல் வாங்கி வைத்துவிட்டார்.