வெற்றுவண்டி எடை

முப்பத்தொரு வருஷம் டோங்காட் ஆலையின்
எடைமேடையில் உட்கார்ந்திருந்தவன் நான்.
நிறைவண்டி உள்ளே போகையில் ஒரு எண்.
வெற்றுவண்டி திரும்புகையில் ஒரு எண்.
கழித்தால் கரும்பு.
ஓட்டுநர் வாயால் சொல்லும் எடையை
ஒருநாளும் எழுதியதில்லை.

அந்தக் கண்ணோடுதான் கிளம்பினேன்,
சாலாச்சியைக் கடைசியாக எங்கே படுக்கவைப்பது என்று பார்க்க.
சட்டைப்பையில் பதினோரு கேள்விகள்,
மருமகள் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவை.

உம்ஷ்லாங்காவில் எல்லாச் சன்னலிலும் கடல்.
கேட்டதற்கெல்லாம் 'நிச்சயமாக, மிஸ்டர் படையாச்சி.'
வலி வந்தால்? நிச்சயமாக.
ராத்திரி? நிச்சயமாக.
ஒன்பதாவது கேள்வியில் பேனாவை மூடினேன்.
ஆனாலும் அவளுக்குக் கடல் பிடிக்கும்.
திரும்பும் வழி முழுக்க அது உறுத்தியது.

இங்கே, கரும்புக்காட்டின் ஓரத்தில்,
யாரோ ஒரு பல்டாக்டர் விட்டுப்போன வீடு. ஆறு கட்டில்.
காடு எரிக்கும் பருவம்.
காய்ந்த விரிப்புகள்மேல் கறுப்பாகச் சாம்பல் இறங்க,
சிஸ்டர் ஹ்லெங்கிவே திட்டிக்கொண்டே
கொடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள்.
உதறி விரித்துவிடவில்லை. மறுபடி துவைக்கப் போட்டாள்.
என் பதினொன்றில் இது இல்லை. குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு ராத்திரி எத்தனை நர்ஸ், என்றேன்.
'ஒருத்தி. ஆறு பேருக்கு ஒருத்தி.
சரியில்லைதான். பணமில்லை.'
மார்ஃபின் பூட்டிய அலமாரியில்,
சாவி அவள் கழுத்தில்,
கணக்கு நோட்டில் வரிக்கு இரண்டு கையெழுத்து.
ஒரு வரி அடித்துத் திருத்தியிருந்தது;
திருத்தலுக்கும் இரண்டு கையெழுத்து.
அந்த அடித்தலை நம்பினேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனது,
அட்டவணைப்படி, நாலு மணிக்கு.
மூன்றாம் கட்டிலின் ஆக்சிஜன் இயந்திரம் அடங்கியது.
என்னோடு பேச்சை அவள் நிறுத்தவில்லை;
கை மட்டும் போய்
சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றியது.
படுத்திருந்தவர் கண் விழிக்கவில்லை.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்: பதினான்கு விநாடி.

எடைமேடைக்காரன் சொல்லாமல் ஒருமுறை போவான்.
அந்த ஞாயிறு பதினோரு மணிக்கு
விளக்கணைத்த காரில் வெளியே உட்கார்ந்திருந்தேன்,
திருடனைப் போல.
உள்ளே ஒரு மணி அடித்தது.
ஐம்பது விநாடியில் திரைக்குப் பின்னால் ஒரு நிழல் நடந்தது,
ஓடவில்லை, நடந்தது.
மறுநாள் கையெழுத்துப் போட்டேன்.

சாலாச்சி பத்தொன்பது நாள் இருந்தாள்.
தலையணை இடப்பக்கம் சாய வேண்டுமென்று
இரண்டாம் நாளே கற்றுக்கொண்டார்கள்.
டீயை மட்டும் கடைசிவரை ஆறவிட்டே கொடுத்தார்கள்.
'கேட்காமல் என் காலைத் தொடுவதில்லை இவர்கள்'
என்றாள் ஒருநாள்,
நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் கேட்டிராத குரலில்.

பதினாறாம் நாள் ராத்திரி, ஞாயிறு.
திங்கள் காலை நான் காரைப் பூட்டுமுன்
ஹ்லெங்கிவே வாசலுக்கே வந்துவிட்டாள்.
'வலி கூடியது. டாக்டர் போனை எடுக்கவில்லை.
நாற்பது நிமிஷம் துடித்தார்கள்.
எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டும்.'
பார்த்தேன். இரண்டு பத்து. இரண்டு ஐம்பது.
நடுவில் ஒரே வரி:
கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இருமுறை மணி அடித்தது,
இருமுறை விட்டுவிட்டுப் போனேன்.

கத்த வேண்டுமென்றுதான் இருந்தது.
யார்மேல்?

வியாழன் அவள் பையோடு மட்டும் வீடு திரும்பினேன்.
மேட்டில் கார் லேசாக ஏறியது.
அந்த எண்ணை நான் எடுக்கவில்லை.

இப்போது தபாலில் ஒரு படிவம்.
எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் தருக.
எல்லாவற்றுக்கும் ஐந்து போடு அப்பா, என்கிறான் மகன்,
அவர்கள் நல்லவர்கள்.
நல்லவர்கள்தான். அதனால்தான்
வலி தணித்தல் என்ற கட்டத்தில் மூன்று போட்டேன்.
ஓரத்தில், இடமில்லாத இடத்தில், பொடி எழுத்தில்:
நாற்பது நிமிஷம். மறைக்கவில்லை.
ஞாயிற்றுக்கு இன்னொரு ஆள் தேவை.

பிறகு போன் போட்டு,
ஓர் இரவுச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன்.
ஹ்லெங்கிவே சொன்ன தொகையை
அப்படியே எழுதினேன், சரிபார்க்காமல்.