நோ டியூஸ்

நாலாம் செமஸ்டர் பாதியில்
டி.சி. கேட்டு நிற்கிறேன்.
'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நகரவில்லை.
"சொந்தக் காரணம்னு போடு தீர்த்தகிரி,
எல்லாரும் அதைத்தான் போடுறாங்க"
என்கிறார் கிளார்க்.

சொந்தம்தான்.
வலது முட்டி எனக்குச் சொந்தம்.
அதில் இன்னும் எத்தனை ரெய்டு மிச்சமென்று
அஸ்தம்பட்டி டாக்டர் சொல்லவில்லை.
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி
"டிகிரிய முடிச்சிட்டுப் போயேன்" என்றார்.

லீக்காரர்கள் எக்ஸ்ரே கேட்கவில்லை.
ஆத்தூர் மேட்சில்
நாலு பேரை இழுத்துக்கொண்டு
நான் நடுக்கோட்டைத் தொட்ட வீடியோவை
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்கள்.
அடுத்த வருஷம் இந்த விலை இருக்காது தம்பி,
இந்தக் காலும்.
பின்னதை அவர்கள் சொல்லவில்லை.

செவ்வாய்ப்பேட்டை மண்டியில்
மூட்டை எண்ணிக்கொண்டிருந்த அப்பா
தொகையைக் கேட்டதும் கணக்கை விட்டார்.
ஒன்றும் பேசாமல்
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

நூலகம் கையெழுத்து ஆயிற்று.
மெஸ் பாக்கி முந்நூற்று நாற்பது, கட்டியாயிற்று.
விளையாட்டு அறையில் மாதேசண்ணன்
பதிவேட்டில் விரல் ஓட்டி நிறுத்தினார்:
"முட்டி உறை, ஒண்ணு."

ஒற்றைக் காலில் நின்று கழற்றிக் கொடுத்தேன்.
நிலுவை இல்லை என்று எழுதினார்.

படியிறங்கும்போது
இடது காலைத்தான் முதலில் வைத்தேன்.