எட்டாவது கை

தாசில்தார் வந்தது பத்தேகாலுக்கு.
களத்தில் காயும் தேங்காய்ப் பருப்பின் வாசம்
அவருக்கு முன்பே சன்னல் வழியாக வந்து
தீர்மான நோட்டில் உட்கார்ந்திருந்தது.
நான் ஊராட்சிச் செயலர்.
எழுதுவது என் வேலை.
யோசிப்பதற்குப் படி கிடையாது.

பிரசிடெண்ட் துளசிமணி வாங்கினாரா, இல்லையா?
ஓடையை ஒட்டி மனை போடுகிறவன்
பருப்பு மூட்டைக்குள் வைத்து
ரெண்டு லட்சம் அனுப்பினான் என்று புகார்.
மூட்டை வந்தது நிசம்.
நானே பார்த்தேன், வாயைச் சிவப்பு நூலில் தைத்திருந்தது.
உள்ளே பார்த்தவர் யாருமில்லை,
அல்லது பார்த்தவர் இந்த அறைக்கு வரவில்லை.

"பருப்புக்குப் பருப்புதானுங்க வந்துது.
ஆட்டுன எண்ணெயில நீங்களும் ஒரு தூக்குப்போசி
வாங்கிட்டுப் போனீங்கல்லொ?"
என்கிறது மில்லுக்கார அணி.
"அந்த எண்ணெயிலதான் நோட்டு வாசம் அடிச்சுதுங்க,
சட்டியில ஊத்துனா கருகுது"
என்கிறது வேப்பமரத்து அணி.

ஏழு வருசம் முந்தி
தண்ணி டேங்கில் கமிசன் என்று
இதே மேசையைக் குத்தியவர் சென்னியப்பன்.
"ஆதாரம் எங்கீங்க?" என்று அன்று சிரித்தவர் அத்தப்பன்.
இன்று சென்னியப்பன் ஆதாரம் கேட்கிறார்.
அத்தப்பன் குத்துகிறார்.
பழைய குத்தில் விழுந்த பள்ளத்தில்
புது முட்டி அளவெடுத்ததுபோல் இறங்கியது.
பழைய நோட்டைப் புரட்டினேன்.
அதே வாக்கியங்கள், என் கையெழுத்து.
பேரை மட்டும் மாற்றினால்
மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

துளசிமணி ஒன்றும் பேசவில்லை.
நாலு பக்க விளக்கக் கடிதம்,
வீட்டுக்காரர் எழுத்தில்.
கையெழுத்துப் போடும் முன்
நாலு பக்கத்தையும் படித்தார்,
எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும்,
பதவிக்கு வந்தபிறகு முதல் முறையாக.
மூன்றாம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.
வாசலில் நின்ற வீட்டுக்காரர் செருமினார்.
அப்புறம் போட்டார்.

ஒன்பது வார்டு.
எட்டுக் கை எழுந்தால் நாற்காலி சாயும்.
தாசில்தார் எண்ணினார்: ஏழு.
மூணாவது வார்டு ராக்கியண்ணன் கை
காதுவரை வந்து அங்கேயே நின்றது.

"தூக்கியாச்சுங்க, எழுதுங்க" என்றது வேப்பமரம்.
"காதைச் சொறியறாருங்க" என்றது மில்லு.
"எனக்குத் தோள்பட்டை இறுக்கமுங்க,
இதுக்கு மேல போகாது" என்றார் ராக்கியண்ணன்.
"சரி, வாயில் சொல்லுங்கள்" என்றார் தாசில்தார்.
"அதானுங்க சொல்றேன். நெம்ப வலிக்குது."

அவர் காட்டில் போன வாரம்
போர்க்குழாய் இருபது இறங்கியிருந்தது.
எந்த அணி இறக்கியது என்று
ரெண்டு அணிக்குமே சந்தேகம்.

'உறுப்பினர் கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை'
என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.
மில்லுப் பக்கம் சரவெடி.
வேப்பமரத்துப் பக்கம் கோர்ட்டுக்குப் போகும் பேச்சு.
அடுத்த தடவை எலும்பு டாக்டரையும் கூட்டி வரணும் என்று
யாரோ முனகியது பதிவில் இல்லை.

ஓடைக்கரையில் மனைக்கல் நட்டாயிற்று.
மஞ்சள் பெயிண்டில் வெள்ளாடு முதுகைத் தேய்த்து
மஞ்சளாகத் திரிகிறது.
ஐப்பசி மழைக்குத் தண்ணி எந்தப் பக்கம் போகும்?
புகாரிலும் இல்லை, விளக்கத்திலும் இல்லை.
எனக்கும் இப்போதுதான் தோன்றுகிறது,
நோட்டை மூடிக் கட்டியபிறகு.

வெளியே ராக்கியண்ணன்
இடது கையால் டீயை வாங்கிக் குடித்தார்.
எப்போதுமே அவர் இடது கைக்காரரா என்று
நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

பதினாலு டீ, ஆறு பருப்பு வடை.
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
பிரசிடெண்டிடம் கேட்டேன்.
வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்காமல்
பர்சைத் திறந்து,
எண்ணி,
சில்லறையாகக் கொடுத்தார்.
"ரசீது வேணுமுங்க" என்றார்.